மீந்த ஏழு மாத்திரைகள்

...சென்னையில் இறங்கிவிட்டார் என்றால் இன்னும் மூன்று மணி நேரம், அதில் ஒரு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருப்பார், அப்புறம் அந்தச் சின்ன விமானம், வாகைகுளத்தில் இறங்கி, பெட்டி வந்து, கார் பிடித்து, எங்கள் பக்கத்துப் புதுக்கோட்டை தாண்டி... எப்படிக் கூட்டினாலும் நாலரை மணிக்குள் செல்வின் தூத்துக்குடியில் இந்த மருந்துக்கடை வாசலில் நிற்பார், என் கணவர், எண்ணெய்க் கப்பலில் இரண்டாம் என்ஜினியர். ஒன்பது மாதம் கழித்து வருகிற புருஷனை நினைத்து ஒருத்திக்குக் கை வேலையில் ஓடாமல் போகலாம், தப்பில்லை, ஆனால் அது சந்தோஷத்தில் இருக்க வேண்டும். எனக்குப் பரீட்சை ஹாலுக்கு வெளியே நிற்கிற மாதிரி இருக்கிறது, படிக்காமல் வந்துவிட்ட பரீட்சை. காலையில் கடை முதலாளி ஆறுமுகநயினார் அண்ணாச்சியே சொன்னார், அரை நாள் லீவு போட்டுட்டு ஏர்போர்ட்டுக்குப் போம்மா என்று. நான்தான், இன்னைக்கு ஸ்டாக் வருது அண்ணாச்சி, பார்மசிஸ்ட் இல்லாம கடை இருக்கக் கூடாது, சட்டம், என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். ஏழு வருஷக் கல்யாணத்தில் சட்டம் எனக்குக் கைகொடுத்தது இதுதான் முதல் தடவை.

வெள்ளைக் கோட்டு, மூக்குக் கண்ணாடி, பெனிஷா என்று பெயர் எழுதிய பட்டை... இதைப் பார்த்தாலே இந்த ஊர்ப் பெண்களுக்கு ஒரு நம்பிக்கை. நாசரேத் பிள்ளை, படிச்ச பிள்ளை, சொன்னா சரியாத்தான் இருக்கும். கர்ப்பத்தடை மாத்திரை என்று யாரும் பெயர் சொல்லிக் கேட்கமாட்டார்கள். காலியான அட்டையைக் கர்சீப்புக்குள் வைத்துக் கொண்டு வருவார்கள், கவுண்டரில் வைத்து விரலால் என் பக்கம் தள்ளுவார்கள், 'இதுல ஒன்னு' என்பார்கள், அவ்வளவுதான். அந்தச் சமயத்தில் அண்ணாச்சி ஃப்ரிட்ஜைத் திறந்து இன்சுலின் பெட்டிகளை அடுக்க ஆரம்பித்துவிடுவார், நல்ல மனிதர், அடுக்கிய பெட்டியையே மறுபடி அடுக்குவார். நான் அட்டையைச் செய்தித்தாளில் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு, 'ராத்திரி சாப்பிட்டதும் போடுங்க, ஒன்னும் செய்யாது' என்பேன். ஒன்னும் செய்யாது. பன்னிரண்டு வருஷமாக ஒரு நாளைக்கு எத்தனை தடவை அதைச் சொல்லியிருப்பேன்... பேருந்தில் கண்டக்டர் உள்ளே போங்க உள்ளே போங்க என்பதுபோல வாய் தானாகச் சொல்லும்.

எனக்கு நானே சொல்லிக்கொண்டதும் அதுதான். கல்யாணமான புதிதில் பிள்ளை இப்போது வேண்டாம் என்று இருவருமாகத்தான் முடிவெடுத்தோம், சாத்தான்குளத்தில் அவர் வீட்டுக் கடன் கொஞ்சம் அடையட்டும், அவர் இன்னும் ஒரு பரீட்சை எழுதட்டும் என்று. அதனால் மாத்திரை. இருபத்தொரு வெள்ளை, ஏழு பழுப்பு. வெள்ளை முடிந்து பழுப்பு போடுகிற அந்த ஏழு நாளில் மாதவிலக்கு வரும், அந்தப் பழுப்பு வெறும் இரும்புச்சத்துதான். கப்பல்காரருக்கு எட்டு மாதம் கடல், மூன்று மாதம் வீடு. அந்த மூன்று மாதத்தில் மூன்று தடவை ஐந்து ஐந்து நாளை விலக்குக்குக் கொடுப்பதா என்று எனக்குள் இருந்த மருந்துக்கடைக்காரி கணக்குப் போட்டாள். பழுப்பு ஏழையும் தொடாமல், வெள்ளை முடிந்த மறுநாளே அடுத்த அட்டையில் வெள்ளையை ஆரம்பித்தால் விலக்கே வராது. அவருக்குப் பதில் வேலைக்கு வருகிறவன் எந்தத் துறைமுகத்தில் எப்போது ஏறுவான் என்பது யாருக்கும் தெரியாது, திடீரென்று 'நாளைக்கு இறங்குதேன்' என்று செய்தி வரும், அதனால் அவர் கடலில் இருந்த மாதங்களிலும் நான் நிறுத்தவில்லை. புருஷன் இல்லாத வீட்டில் ஒருத்தி தினமும் இரவு கர்ப்பத்தடை மாத்திரை போட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள், ஐந்தரை வருஷம். மீந்த பழுப்பு மாத்திரைகளைத் தூக்கிப்போட மனசு வராது, மருந்தாயிற்றே, பிஸ்கட் டப்பாவில் சேர்த்து, தண்ணீரில் கரைத்துக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினேன். செடி நன்றாக வந்தது. அதில் எனக்குப் பெருமை வேறு.

என் ஆசை எந்த நாளில் போனது என்று தெரிந்தாலாவது ஒரு நிம்மதி இருக்கும். காய்ச்சல் என்றால் இன்ன தேதியில் வந்தது என்று சொல்லலாம், இது கரண்ட் போன மாதிரியும் இல்லை, விளக்கு கொஞ்சம் கொஞ்சமாக மங்கி நாம் அதற்குப் பழகிக்கொண்டே போய்... நாலாவது வருஷம் என்று நினைக்கிறேன். அவர் தொட்டார், நான் நாளைக்கு இட்லிக்கு உளுந்து ஊறப்போட்டேனா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அலுப்பு என்று நினைத்தேன், அடுத்த தடவையும் உளுந்து, அதற்கடுத்த தடவை உளுந்தும் இல்லை, ஒன்றுமே இல்லை, தோல் மேல் ஒரு கை இருக்கிறது என்பது மட்டும் தெரிந்தது. பிறகு வறட்சி, எரிச்சல், பல்லைக் கடித்துக்கொள்வது. முன்னால் எப்படி இருந்தேன்? நிச்சயம் முடிந்து கல்யாணத்துக்கு முன்னால் ஒரு நாள் நாசரேத்திலிருந்து தூத்துக்குடிக்குப் பஸ்ஸில் வந்தோம், கூட அவர் தங்கை ரேச்சல் இருந்தாள், அதனால் பேசக்கூட இல்லை, அவர் முழங்கால் என் முழங்கால் மேல் பட்டது, ஏரல் பாலம் ஏறும்போது பட்டது, நான் விலக்கவில்லை, முக்காணி வரைக்கும் எனக்கு மூச்சு சரியாக வரவில்லை. நடந்தது ஞாபகம் இருக்கிறது. மூச்சு வராமல் இருந்தது என்பதும் ஞாபகம் இருக்கிறது. ஆனால் அது எப்படி இருந்தது என்பது மட்டும் இல்லை, எவ்வளவு தேடினாலும் இல்லை, வேறு யாரோ ஒருத்தி சொல்லிக் கேட்ட கதைபோல இருக்கிறது. அதுதான் எனக்குப் பயம். ஆசை போய்விட்டது என்பதைவிட, போனது என்ன என்றே இனிமேல் தெரியாமல் போய்விடுமோ என்று.

இருபது மாதத்துக்கு முன்னால், பிள்ளை பெற்றுக்கொள்ளலாம் என்று மாத்திரையை நிறுத்தினேன். நான் படித்த புத்தகத்தில் மூன்று மாதத்தில் உடம்பு பழையபடி ஆகிவிடும் என்று இருந்தது. விலக்கு நாலாவது மாதம் எட்டிப் பார்த்தது, பேருக்கு ஒரு நாள், அப்புறம் ஒழுங்கில்லாமல். மற்றது வரவில்லை. ஆறு மாதம், வரவில்லை. எட்டாவது மாதம் அவர் வந்தார். அந்த மூன்று மாத லீவு முழுக்க நான் நடித்தேன், இதை இப்படி வெளிப்படையாக எனக்குள்ளேயே சொல்லக்கூட இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது, நடித்தேன், அவருக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு நடித்தேன். என்ஜின் சத்தத்தில் ஒரு இழை மாறினால் தூக்கத்திலிருந்து எழுந்து உட்காருகிற ஆளுக்கு இது தெரியாதா? ஒரு நாள் கேட்டார், 'ஏளா பெனி, வலிக்கா?' இல்லை என்றேன். அதற்குப் பிறகு அவர் என் பக்கம் திரும்பவில்லை, கோபமெல்லாம் இல்லை, காலையில் காப்பி போட்டுக் கொடுத்தார், என் செருப்பைத் தைத்துக்கொண்டு வந்தார், இரவில் மட்டும் சுவரைப் பார்த்துப் படுத்தார். ஏர்போர்ட்டில் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று சொன்னார், 'என்ன ஏதுன்னு எனக்குத் தெரியாது. நான் அடுத்த தடவ வாரதுக்குள்ள ஒரு டாக்டரப் பாரு, இல்லன்னா எங்கிட்டயாவது சொல்லு. சொல்லாம மட்டும் இருக்காத.' அவர் கேட்காமல் விட்ட ஒரு கேள்வி அந்த வாக்கியத்துக்குள் இருந்தது. என்னைப் பிடிக்கலையா? அல்லது அதைவிட மோசமான ஒன்று, வேற யாரும்... கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

டாக்டரைப் பார்த்தேன். போன மாதம், இரத்தம் கொடுத்து, ஹார்மோன் ஒவ்வொன்றாகப் பரிசோதித்து, அந்தக் காகிதத்தில் எந்த எண் எந்த எல்லைக்குள் இருக்கிறது என்று டாக்டருக்கு முன்னால் நானே பார்த்துவிட்டேன். எல்லாம் எல்லைக்குள்தான். ஒன்று மட்டும் விளிம்பில், ஹார்மோனைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஒரு புரதம், கூடுதலான பக்கத்து விளிம்பில், ஆனால் எல்லைக்குள். 'நார்மல்தானம்மா, ஹஸ்பண்ட் ஊர்ல இல்லாதவங்களுக்கு இதெல்லாம் சகஜம், மனச லேசா வச்சுக்கோங்க' என்றார் அந்த டாக்டரம்மாள், அடுத்த ஆளுக்கு மணி அடித்தபடியே. ஏதாவது ஒரு நோய் என்று சொல்லியிருந்தால் நான் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டிருப்பேன். நார்மல் என்றால் மிச்சம் இருப்பது நான்தானே? மாத்திரைதான் காரணமா என்று எனக்கே உறுதி இல்லை. எத்தனையோ பேர் சாப்பிடுகிறார்கள், நிறுத்துகிறார்கள், பெறுகிறார்கள், சிரித்துக்கொண்டே வந்து பேபி பவுடர் வாங்கிப் போகிறார்கள். ஒரு மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் போனில் தேடியபோது ஏதோ ஒரு தேசத்துப் பெண் எழுதியிருந்தாள், மாத்திரையை நிறுத்தி ஆறு வருஷம் ஆகிறது, இன்னும் எனக்கு அது திரும்பவில்லை, யாரும் நம்பவில்லை என்று. ஆறு வருஷம்... டக்கென்று அந்தப் பக்கத்தை மூடிவிட்டேன். நாசரேத்திலிருந்து அம்மா தினமும் போனில் ஜெபம் செய்கிறாள், பிள்ளை பாக்கியத்துக்காக, நான் ஆமென் சொல்கிறேன். எதைக் கேட்க வேண்டும் என்று அம்மாவுக்குத் தெரியாது, சொல்லவும் எனக்கு வாய் இல்லை.

செய்தி வந்தது. 'கார்ல ஏறிட்டேன்.' ஒரு சிரிக்கிற முகம்கூட இல்லை, வெறும் ஏறிட்டேன். மணி மூன்று நாற்பது. நான் போனைக் கோட்டுப் பைக்குள் போட்டு நிமிர்ந்தபோது கவுண்டருக்கு அந்தப் பக்கம் வேல்விழி நின்றிருந்தாள். ஆற்றங்கரை வயல் ஊர்க்காரி, இரண்டரை வருஷத்துக்கு முன்னால் கட்டிக்கொண்டு வந்தது இங்கே, புருஷன் லிங்கராஜ் கப்பலில் ஃபிட்டர். அவளும் கப்பல் வீட்டுக்காரி என்பதால் என்னிடம் கொஞ்சம் ஒட்டுதல். தொண்டைக்கு மிட்டாய் கேட்டாள், கொடுத்தேன், தலைவலித் தைலம் கேட்டாள், கொடுத்தேன், இருமல் மருந்து வாங்க வந்த ஒரு பெரியவர் போகும்வரை விலைப்பட்டியலைப் படிப்பது மாதிரி நின்றாள். இப்படி நிற்பவர்களை எனக்குத் தெரியும். அண்ணாச்சிக்கும் தெரியும், ஃப்ரிட்ஜ் திறக்கும் சத்தம் கேட்டது. அவள் பர்ஸிலிருந்து ஒரு அட்டையை எடுத்து வைத்தாள். வெள்ளையெல்லாம் காலி. கீழ் வரிசையில் ஏழு பழுப்பும் பிரிக்காமல் அப்படியே இருந்தன.

'நீங்க சொன்ன மாதிரியே இந்த ஏழையும் நான் ஒரு தடவகூடத் தொட்டதில்லக்கா' என்றாள், ஏதோ வீட்டுப்பாடம் காட்டுகிற மாதிரி. நான் சொன்னேனா? சொன்னேன். கல்யாணமாகி வந்த முதல் லீவு, நாற்பதே நாள், நடுவில் அவர்கள் ஊரில் அம்மன் கோயில் கொடைத் திருவிழா, விலக்கு வந்தால் கோயிலுக்கும் போக முடியாது அவர் பக்கமும் போக முடியாது என்று கண்ணைக் கசக்கினாள். நான்தான் சிரித்துக்கொண்டே, பழுப்பை விட்டுட்டு அடுத்த அட்டையை ஆரம்பி, நானே அப்படித்தான் செய்யுதேன், ஒன்னும் செய்யாது, என்றேன். நானே என்று சொன்னேன். அவள் இப்போது குரலைத் தாழ்த்தினாள். 'நிறுத்தி ஏழு மாசம் ஆச்சுக்கா, பிள்ள வேணும்னு. அவிய சனிக்கிழம வாராவ. எனக்கு... எனக்கு ஒன்னுமே தோணமாட்டேங்குக்கா. போன தடவையே அப்படித்தான், மரக்கட்ட மாதிரி கெடந்தேன். ஆசை வாரதுக்கு ஏதாச்சும் மாத்திர இருக்கா?' என்னுடைய உளுந்து, என்னுடைய சுவர், யாரிடமும் சொல்லாமல் நான் பூட்டி வைத்திருந்தது, இந்தப் பெண்ணின் வாயிலிருந்து வருகிறது. அவள் விடவில்லை. 'நீங்களும் இதேதான சாப்பிட்டீய, உங்களுக்கு அப்படி எதுவும் இருந்துச்சா?' இருந்தது, இருக்கிறது என்று சொன்னால் அது நிஜமாகிவிடும், நார்மல் இல்லை என்று ஆகிவிடும், நான் கொடுத்தேன் என்று ஆகிவிடும், இவளுக்கு மட்டுமா கொடுத்தேன்... வாய் தானாகச் சொன்னது. 'இல்லையே. எனக்கு ஒன்னும் இல்லையே. மனச லேசா வச்சுக்கோ, எல்லாம் சரியாயிரும்.'

அவள் முகத்தை நான் பார்த்திருக்கக் கூடாது. அழவில்லை. தலையை ஆட்டினாள், 'அப்ப எனக்குத்தான்' என்றாள், மெதுவாக, எனக்குச் சொன்னதாகக்கூட இல்லை, தைலத்தையும் மிட்டாயையும் எடுத்துக்கொண்டு படி இறங்கினாள். அட்டையை மறந்துவிட்டுப் போனாளா, வேண்டாம் என்று விட்டுப் போனாளா. அப்ப எனக்குத்தான். போன மாதம் அந்த டாக்டரம்மாள் மணி அடித்தபோது நான் எனக்குள் சொன்னதும் வார்த்தை மாறாமல் இதுதான். அந்த அம்மாளாவது தெரியாமல் சொன்னாள், நான் எல்லாம் தெரிந்தே சொன்னேனே, பாவி. இவள் சனிக்கிழமை நடிப்பாள். லிங்கராஜ் சுவரைப் பார்த்துப் படுப்பான். இவளும் ஒரு மருந்துக்கடையிலோ அடுப்படியிலோ நின்று, என்னிடம்தான் ஏதோ கோளாறு என்று... 'அண்ணாச்சி, ஒரு நிமிசம்' என்றேன். 'பார்மசிஸ்ட் இல்லாம கடை இருக்கக் கூடாதும்மா' என்றார் அவர் ஃப்ரிட்ஜுக்குள் தலையை விட்டபடியே, என் சட்டத்தை எனக்கே திருப்பி, ஆனால் போ என்று கையை அசைத்தார். வெள்ளைக் கோட்டோடு மட்டக்கடைத் தெரு வெயிலில் ஓடினேன், அட்டை கையில் இருந்தது, எப்போது எடுத்தேன் என்று தெரியாது, ஐஸ் வண்டிக்காரர் ஒருவர் யாருக்கோ சீரியஸ் என்று நினைத்துச் சைக்கிளை ஒதுக்கி வழிவிட்டார்.

பஸ் நிறுத்தத்தில் நிழலுக்குள் ஒதுங்கி நின்றிருந்தாள். மூச்சு வாங்கியது, வாக்கியம் எதுவும் தயாராக இல்லை. 'எனக்கும்' என்றேன். அவளுக்குப் புரியவில்லை. 'எனக்கும் அப்படித்தான் வேல்விழி. கடையில சொன்னது பொய்.' முதலில் அவள் முகத்தில் வந்தது நான் எதிர்பார்த்ததேதான், அப்பாடா என்று ஒரு விடுதலை, என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள், இரண்டு கையாலும். அது போய், கண்ணில் வேறொன்று வந்தது, எனக்கு நன்றாகத் தெரிந்த அதே பயம். 'நீங்க நிறுத்தி எத்தன மாசமாச்சுக்கா?' என்று கேட்டாள். பத்து என்று சொல்ல வாய் வந்தது. ஐந்து என்றுகூடச் சொல்லலாம், நிம்மதியாகப் போவாள், இன்றைக்கு இரவு தூங்குவாள். ஆறு வருஷம் என்று எழுதிய அந்தப் பெண்ணின் பக்கத்தை நான் மூடினேனே, அப்படி இவளும் என்னை மூடிவிட்டுப் போய்விட்டால்? 'இருபது' என்றேன். அவள் கை குளிர்ந்தது, இந்த வெயிலில். திரும்பவே திரும்பாதா என்று கேட்டாள். தெரியாது என்றேன், எனக்குத் தெரியாதும்மா, திரும்பலாம், வேற டாக்டர் இருப்பாங்க, தேடுவோம், ஆனா தெரியாது. பன்னிரண்டு வருஷத்தில் அந்த வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு தெரியாது என்று நான் சொன்னதாக ஞாபகம் இல்லை. அவளுடைய பஸ் வந்தது, போனது, அவள் ஏறவில்லை. பயம் கொஞ்சமும் குறையவில்லை, பயப்படுகிறவர்கள் இரண்டு பேர் ஆகியிருந்தோம்.

போன் அடித்தது. அதற்குள் நாலரையா, இல்லை, நாலு பத்துதான், கார் விரட்டி வந்திருக்கும் போல. 'ஏளா, கடைக்கு முன்னால நிக்கேன். அண்ணாச்சி நீ ரோட்டுல ஓடுனன்னு சொல்லுதாரு. எங்கன இருக்க? என்னாச்சு?' குரலில் சிரிப்பு இல்லை, பயம் இருந்தது, எண்ணெய்க் கப்பலில் இருந்து வந்த அந்த ஆளின் குரலிலும் பயம்... ஒன்பது மாதமாக அவருக்கும் இது இருந்திருக்குமா, தனியாக, அங்கே என்ஜின் சத்தத்துக்கு நடுவில்? இதை நான் யோசித்ததே இல்லை. என் பயத்துக்குள் அவரை ஒரு நாள்கூட நான் உட்காரவைத்ததில்லை, வாசலிலேயே நிறுத்தி வைத்து, உள்ளே வந்துவிடுவாரோ என்றுதான் பயந்துகொண்டிருந்தேன். வாரேன், அங்கனயே நில்லுங்க, என்றேன். வேல்விழி என் கையை விட்டாள், 'சொல்லப் போறியளா' என்று கேட்டாள். கடைப் பக்கம் நடந்தேன். திருப்பத்தில் அவர் தெரிந்தார், பெட்டியைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, வெயிலுக்குக் கையைக் கண்ணுக்கு மேல் வைத்து நான் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டு. உள்ளங்கையில் அந்த ஏழு மாத்திரைகளோடு அட்டை வேர்வையில் ஒட்டிக்கொண்டிருந்தது. எனக்கும் என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னது வேல்விழிக்குப் போதுமாக இருந்தது, அவரிடம் எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது?